எல்லையோரக் குவாரியும் சுற்றுச்சூழல் அனுமதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளைப் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பதும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் கூடவே உண்டு. கடைக்கு முன்னால் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் நாள் முழுக்கக் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். என்னிடம் வரும் மனுக்களில் பாதி அந்த லாரி புறப்படும் இடத்தைப் பற்றியவைதான். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. படித்ததையும் கூட்டங்களில் பார்த்ததையும் வைத்து, 2025 இறுதி வரை வந்த மாற்றங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

குவாரிக்காரர் லைசென்ஸ் இருக்குன்னு சொல்றாரே, சுற்றுச்சூழல் அனுமதியும் அதுவும் ஒண்ணுதானா?

இல்லை. ஒரு குவாரி ஓட வேண்டுமென்றால் குறைந்தது மூன்று தாள்கள் வேண்டும். கனிமவளத் துறை வழியாகக் கிடைக்கும் குத்தகை ஒன்று. சுற்றுச்சூழல் அனுமதி இரண்டாவது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை மூன்றாவது. இது போக ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு தனி. 'லைசென்ஸ் இருக்கு' என்று யாராவது சொன்னால் 'எந்தத் தாள்?' என்று கேளுங்கள். பாதிப் பேர் நடைச்சீட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு அடிப்படை 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1994-ல் முதல் அறிவிக்கை வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ல் வந்த அறிவிக்கை, அதற்குப் பிறகு போட்ட ஏகப்பட்ட ஒட்டுகளோடு சேர்த்து. சாரம் ஒன்றுதான்: வேலை தொடங்குவதற்கு முன்பே, இதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஆட்களுக்கும் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு அனுமதி வாங்க வேண்டும்.

நான் வீடு கட்டப்போறேன், எனக்கும் இது வேணுமா?

வேண்டாம். கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்கும். அதாவது ஏறக்குறைய 2,15,000 சதுர அடி. நம் ஊரில் பெரிய மருத்துவமனை, ஜவுளி மாளிகை கட்டுகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனை வரை சுயசான்று முறையில் வீட்டு அனுமதி என்று வந்ததே, அது கட்டட அனுமதியில் செய்த சீர்திருத்தம். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வயலில் கிணறு தோண்டினாலும், குளத்தில் வண்டல் எடுத்தாலும் கேஸ் போடுவாங்களாமே?

சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று அதற்குக் கேஸ் போட முடியாது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் கிணறு தோண்டுவது, ஊர்க்குளத்தைத் தூர் வாருவது, மண்பாண்டம் செய்கிறவர் கையால் களிமண் எடுப்பது எல்லாம் 2016-ல் வந்த திருத்தத்தில் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வருவாய்த் துறை, நீர்வளத் துறை அனுமதி வேறு விஷயம். 'தூர் வாருகிறோம்' என்று சொல்லிக் குளத்தை முப்பது அடி தோண்டினால் அதற்குப் பெயரும் தூர் வாருதல் இல்லை.

இதே பட்டியலில் 2020 மார்ச்சில் ஒரு விலக்கைப் புதிதாக நுழைத்தார்கள்: சாலை, குழாய்ப் பாதை மாதிரி நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு எடுக்கும் சாதாரண மண்ணுக்கு அனுமதியே வேண்டாம் என்று. எவ்வளவு மண், எந்த இடம், எந்தத் திட்டம் என்று எந்த வரம்பும் சொல்லவில்லை. கேரளக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. குன்றை இடித்து ரோட்டுக்கு மண் போகிறது என்றால் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம்.

ஏ, பி1, பி2 என்று சொல்றாங்களே, அது என்ன?

ஏ வகை என்றால் டெல்லியில் மத்திய அமைச்சகம் முடிவு செய்யும். பி வகை என்றால் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவு செய்யும். பி-யிலேயே இரண்டு பிரிவு. பி1-க்கு முழு ஆய்வறிக்கை வேண்டும், பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டும். பி2-க்கு இரண்டும் வேண்டாம்.

நமக்கு உரைக்க வேண்டியது இந்தக் கடைசி வாக்கியம்தான். ஒரு குவாரி பி2 என்று முத்திரை குத்தப்பட்டுவிட்டால் உங்களிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எங்க பக்கத்துல நாலு குவாரி ஓடுது. ஒண்ணுக்கும் கூட்டம் நடந்த மாதிரி ஞாபகமே இல்லையே?

ஒவ்வொன்றையும் 5 ஹெக்டேருக்குக் கீழே வைத்து, தனித்தனி பி2 குவாரியாக விண்ணப்பித்திருப்பார்கள். ஒரு காலத்தில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கு அனுமதியே வேண்டாம் என்று இருந்தது. பெரிய பாறையைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு எல்லாரும் தப்பித்தார்கள். 2012 பிப்ரவரி 27-ல் ஹரியானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், எவ்வளவு சிறியதானாலும் அனுமதி வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அது மாறியது.

இப்போது தொகுப்பு என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வகைக் கனிமம் எடுக்கும் இரண்டு குத்தகைகளின் ஓரங்களுக்கு நடுவே 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவை ஒரே தொகுப்பு. தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் ஆய்வும் கூட்டமும் வேண்டும். 2018 செப்டம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதை அழுத்திச் சொன்னது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, நாலு குவாரியின் சர்வே எண்களையும் பரப்பையும் எழுதி, 500 மீட்டர் எல்லைக்குள் வருபவற்றைக் கூட்டிப் பார்ப்பது. கனிமவளத் துறைக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு போட்டால் குத்தகை விவரம் கிடைக்கும். பழைய குவாரி, காலாவதியான குவாரி என்று சிலவற்றைக் கணக்கில் விட்டிருப்பார்கள். அங்கேதான் கண் வைக்க வேண்டும்.

கூட்டம்னு நோட்டீஸ் வந்திருக்கு. போறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

முதலில் தேதி. நோட்டீசுக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். தேசிய நாளிதழ் ஒன்றிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வந்திருக்க வேண்டும். பேப்பரை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் சாட்சி.

அப்புறம் ஆவணம். வரைவு ஆய்வறிக்கை கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். போனால் 'சார் வெளியே போயிருக்கார், அலமாரிச் சாவி அவர்ட்ட இருக்கு' என்பார்கள். எனக்கே இரண்டு முறை நடந்தது. அப்படி நடந்தால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். 'இன்ன தேதி, இன்ன நேரம் வந்தேன், அறிக்கை காட்டப்படவில்லை' என்று ஒரு தாளில் எழுதி அங்கேயே தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள். கூட்டத்தில் முதல் ஆட்சேபணையே அதுதான்.

அறிக்கை முந்நூறு பக்கம் இங்கிலீஷ்ல இருக்கு. நாங்க எப்படிப் படிக்கிறது?

முழு அறிக்கையை மொழிபெயர்க்க விதி கட்டாயப்படுத்தவில்லை. சுருக்கத்தை மட்டும் உள்ளூர் மொழியில் தர வேண்டும். சுருக்கம் எப்போதும் இனிப்பாகத்தான் இருக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

முந்நூறு பக்கமும் தேவையில்லை. நான்கு இடத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளை யாரையாவது வைத்துப் பாருங்கள். ஒன்று, வரைபடம்: உங்கள் வீடு, பள்ளிக்கூடம், குளம், கோயில், சர்ச் அதில் இருக்கிறதா? இரண்டு, நில விவரம்: ரப்பரும் வாழையும் நிற்கும் இடத்தைத் 'தரிசு' என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். மூன்று, தண்ணீர்: எத்தனை கிணறுகளை அளந்தார்கள், எந்த மாதத்தில்? மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் அளவீடு கேட்பார்கள். நமக்கு இரண்டு மழைக்காலம் என்பதை அறிக்கை எழுதியவர் பல நேரம் மறந்துவிடுகிறார். நான்கு, போக்குவரத்து: நாளொன்றுக்கு எத்தனை லாரி, எந்த ரோட்டில்?

அறிக்கை எழுதுறவருக்கு காசு கொடுக்கிறதே குவாரிக்காரர்தானே, அப்புறம் எப்படி உண்மை எழுதுவார்?

நியாயமான கேள்வி, இந்த அமைப்பின் பெரிய ஓட்டையும் இதுதான். அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம்தான் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் சம்பளம் யார் தருகிறார் என்பது மாறவில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டது அம்பலமானது உண்டு.

ஆனால் இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். தெரிந்தே தகவலை மறைத்தாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று 2006 அறிவிக்கையின் 8-வது பத்தி சொல்கிறது. 'அறிக்கை பொய்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எடுபடாது. 'இத்தனாவது பக்கத்தில் 300 மீட்டருக்குள் வீடே இல்லை என்று இருக்கிறது, இதோ என் வீட்டு வரி ரசீது, இதோ மின் இணைப்பு எண்' என்றால் எடுபடும்.

கூட்டத்துல என்ன பேசணும்? போன தடவை எல்லாரும் கத்தினோம், ஒண்ணும் நடக்கலையே.

கத்தினதை யாரும் எழுதவில்லை, அதுதான் காரணம். இந்தக் கூட்டத்தில் முடிவு எடுக்கப் போவதில்லை. பதிவு செய்வதற்காக மட்டுமே கூட்டப்படுகிறது. கலெக்டரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவருக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்குவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி குறிப்பெடுப்பார். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் அன்றைக்கு எழுப்பப்பட்ட விஷயங்களின் சுருக்கத்தை மக்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டி, அதே நாளில் கையெழுத்திட வேண்டும். அனுமதி கொடுக்கப் போகிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அந்தத் தாளைத்தான் பார்க்கப் போகிறார்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். பேசுவதற்கு முன் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு படி எடுங்கள், ஒன்றைக் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் ஒரு விஷயம் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு அக்கா கிணற்றைப் பற்றி, ஒரு அண்ணன் வெடி வைக்கும் நேரத்தைப் பற்றி, பள்ளி ஆசிரியர் ஒருவர் லாரி போகும் நேரத்தைப் பற்றி. 'குவாரி வந்தால் ஊர் அழிந்துவிடும்' என்பதற்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'மார்ச்சில் என் கிணறு 22 அடியில் தண்ணீர் நிற்கும், நீங்கள் 120 அடி வெட்டப் போகிறீர்கள், என் கிணற்றுக்கு என்ன வழி?' என்பதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

கடைசி வரை இருங்கள். நான் போன ஒரு கூட்டத்தில் மதியம் சாப்பாட்டு நேரமானதும் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சுருக்கம் வாசிக்கப்பட்டபோது கேட்க ஆளில்லை. வெடிச் சத்தத்தைப் பற்றி ஒன்பது பேர் பேசியது 'சிலர் ஒலி குறித்துக் கருத்துத் தெரிவித்தனர்' என்று சுருங்கியிருந்தது. இருந்த நாங்கள் நாலு பேர் எழுந்து சொன்ன பிறகு திருத்தினார்கள்.

எல்லாரும் வேண்டாம்னு சொன்னா குவாரி நின்னுடுமா? கிராம சபையில தீர்மானமும் போட்டிருக்கோம்.

தானாக நிற்காது. இது வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கும் இல்லை, பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே கொள்வார்கள். ஆகவே புறக்கணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிராம சபைத் தீர்மானம் குவாரியை நேரடியாகத் தடுக்காது, ஆனால் நல்ல சாட்சி. அதன் நகலைக் கூட்டத்தில் கொடுத்துப் பதிவில் ஏற்றுங்கள்.

நான் பாறசாலைக்காரன். குவாரி தமிழ்நாட்டுல, தூசி எங்க வீட்டுல. கூட்டத்துக்கு வந்தா 'நீங்க கேரளா, உட்காருங்க'ன்னு சொல்றாங்க.

எல்லைப் பகுதியில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. திட்டம் இரண்டு மாநிலத்திலும் கால் வைத்திருந்தால் இரண்டிலும் தனித்தனியாகக் கூட்டம் நடத்த வேண்டும். குவாரி முழுக்கத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தால் கூட்டமும் இங்கே மட்டும்தான். பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொன்று. தூசிக்கு அது தெரியாது, விதிக்குத் தெரிகிறது.

ஆனாலும் உட்காரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. விதி பேசுவது 'உள்ளூரில் பாதிக்கப்படுகிறவர்கள்' பற்றி. எந்த மாநிலத்து ரேஷன் கார்டு என்று அது கேட்கவில்லை. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள், அக்கறை உள்ளவர்கள் யாரும் எழுத்தில் அனுப்பலாம். இன்னொரு பிடியும் உண்டு: சுரங்கத்துக்கான ஆய்வு, குத்தகை இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் பரப்பைப் பார்க்க வேண்டும். அந்த வட்டம் மாநில எல்லையில் நின்றுவிடாது. ஆய்வறிக்கையின் வரைபடத்தில் பாறசாலைப் பக்கம் வெள்ளையாக விடப்பட்டிருந்தால், அதுவே எழுத வேண்டிய முதல் குறை.

கேரளப் பக்கம் இருக்கிற தமிழர் நாங்க. அங்க குவாரின்னா எல்லாம் மலையாளத்துல வருது. தமிழ்ல மனு கொடுத்தா எடுப்பாங்களா?

அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதி என்றால் எடுக்க வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அப்படிப்பட்ட பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்று 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும்கூட எழுதலாம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமும் தேவிகுளம், பீருமேடு பக்கமும் இருந்து கேட்பவர்களுக்கும் இதே பதில். நடைமுறையில் மலையாளத்தில் ஒரு படி சேர்த்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மாநில எல்லைக்கு 5 கிலோமீட்டருக்குள்ள இருந்தா டெல்லிதான் அனுமதி கொடுக்கணுமாமே? அப்ப நம்ம குவாரி எல்லாம் செல்லாதா?

பாதி சரி. மாநில எல்லை, வனவிலங்கு சரணாலயம் போன்றவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வரும் பி வகைத் திட்டங்கள் ஏ வகையாக மாறும் என்று பொது நிபந்தனை இருக்கிறது. முன்பு 10 கிலோமீட்டராக இருந்தது, 2014-ல் குறைத்தார்கள். எல்லைத் தூரத்தை இரண்டு மாநிலமும் ஒப்புக்கொண்டு தளர்த்தவும் வழி உண்டு.

இதற்குப் பேர்போன உதாரணம் தேனி மாவட்டம் பொட்டிபுரத்து நியூட்ரினோ ஆய்வகம். 2011-ல் அனுமதி கிடைத்தது. இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் வருகிறது என்பதால், ஏ வகையாகப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லி 2017 மார்ச்சில் தென்மண்டலத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வாக எடுத்து மறுபடி அனுமதி கொடுத்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம், அனுமதி செல்லும், ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது.

நம் குவாரிக்கு வருவோம். 2016 திருத்தத்தில் பி2 வகைச் சிறுகனிம (கல், ஜல்லி, மணல் மாதிரி) குவாரிகளுக்கும் தொகுப்பாக வரும் பி1 குவாரிகளுக்கும் இந்தப் பொது நிபந்தனை பொருந்தாது என்று விலக்கு எழுதிவிட்டார்கள். எல்லையோரத்தில் நிஜமாகவே அதிகம் நடக்கும் தொழிலுக்கே எல்லை விதி இல்லை. இதைத் தெரியாமல் '5 கிலோமீட்டர்' என்று மட்டும் எழுதிய மனுக்கள் ஒரே வரியில் தள்ளுபடியாகின்றன. ஆகவே முதலில் தொகுப்புக் கணக்கைப் பாருங்கள், எல்லைத் தூரம் அப்புறம்.

வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் குவாரி இருக்கணும்?

தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகளில் குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டர். கேரளத்தில் 2015 விதிகளின்படி 50 மீட்டர். 2020-ல் வெடி வைக்கும் குவாரிகளுக்கு 200 மீட்டர் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, அது வழக்கில் இழுபட்டது.

300 என்றதும் மகிழ வேண்டாம். 'குடியிருப்பு' என்றால் வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தமாகவோ வீட்டு மனையாகவோ இருப்பது, அல்லது உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ ஒப்புதல் தந்த மனை என்று விளக்கம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் வீடுகள் தெருவாக இல்லை, ஒவ்வொருவரும் அவரவர் விளையில் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறோம். பட்டாவில் இன்னும் 'தோட்டம்' என்றிருக்கும். அந்த வீடு கணக்கில் வராமல் போக வாய்ப்புண்டு. கட்டட அனுமதி, வீட்டு வரி ரசீது இவற்றைச் சரியாக வைத்திருப்பது இதற்காகவே முக்கியம்.

பிளாச்சிமடையில கோலா கம்பெனி வந்தப்போ இந்த ஆய்வெல்லாம் செஞ்சிருந்தா தண்ணி கெட்டிருக்காதே?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் 2000-ல் தொடங்கி 2004-ல் மூடிய ஆலை அது. சாராய ஆலைக்கு சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், குளிர்பான ஆலைக்கு வேண்டாம்! அறிவிக்கையின் பட்டியலில் அந்தத் தொழிலே இல்லை. எவ்வளவு நிலத்தடி நீர் உறிஞ்சினாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆய்வு இல்லை.

அங்கே ஆலையை மடக்கியது பெருமாட்டி ஊராட்சி. 2003-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. பின்னால் 2010-ல் உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

முல்லைப்பெரியாறுல புது அணைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துதே?

கொடுக்கவில்லை. 2018-ல் கேரளத்துக்குக் கிடைத்தது ஆய்வு வரையறை. அதாவது, எதை எதை ஆய்வு செய்ய வேண்டும் என்ற பட்டியல். அதன் பிறகு ஆய்வு, கூட்டம், நிபுணர் குழு எல்லாம் தாண்டித்தான் அனுமதி. குவாரிக்கும் இதே குழப்பம் வரும். 'டெல்லியில் ஓகே ஆயிடுச்சு' என்று யாராவது சொன்னால் எந்தக் கட்டம் என்று பரிவேஷ் என்ற மத்திய அமைச்சகத்தின் அனுமதி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்ல குவாரியைத் தொடங்கிட்டு அப்புறம் அனுமதி வாங்கிக்கலாமா? அப்படித்தானே எல்லாரும் செய்றாங்க.

'முன் அனுமதி' என்று பெயரிலேயே இருக்கிறது. ஆனால் 2017 மார்ச்சில் மீறினவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்தார்கள், 2021 ஜூலையில் அதற்கு நடைமுறை வகுத்தார்கள். 2025 மே 16-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பர் 18-ல் மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள், ஒருவர் கடுமையாக மறுத்து எழுதினார். ஆறு மாதத்தில் இரண்டு திசை.

தண்டனையும் லேசாகிவிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறை இருந்தது. 2023-ல் திருத்தி, 2024 ஏப்ரல் 1 முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றினார்கள். ஒரு நாளில் எத்தனை டாரஸ் போகிறது என்று என் கடை வாசலில் நின்று எண்ணுகிறவருக்கு 15 லட்சம் பெரிய தொகையாகத் தெரியாது.

2020-ல வரைவு வந்துச்சே, எல்லாரும் எதிர்த்தோமே. அது சட்டமாயிடுச்சா?

ஆகவில்லை. கருத்துக் கேட்புக்கு 30 நாளை 20 ஆகக் குறைப்பது, மீறியவர்களுக்குப் பின் அனுமதி என்று அதில் பல இருந்தன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டதால் 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி 2020 ஜூன் 30-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 17 லட்சம் அளவில் கருத்துகள் குவிந்தன. வரைவு இறுதியாகவில்லை.

சந்தோஷப்பட்டோம். ஆனால் அதற்குப் பிறகு மாற்றங்கள் ஒரே மூட்டையாக வருவதில்லை, சில்லறையாக வருகின்றன. ஒரு திருத்தம், ஒரு அலுவலகக் குறிப்பாணை. மூட்டையை எதிர்க்கக் கூட்டம் சேரும், குறிப்பாணைக்குச் சேராது.

கிள்ளியூர் மணல் திட்டத்துக்கு இனிமே கூட்டமே வேண்டாம்னு சொல்றாங்களே, உண்மையா?

இப்போது சொன்ன சில்லறைக்கு இதுதான் உதாரணம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கடற்கரை மணல் கனிமம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ல் கூட்டம் வைத்து, எதிர்ப்பால் தள்ளிப்போட்டார்கள். 2025 செப்டம்பர் 8-ல் மத்திய அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: அணு கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் எடுக்கும் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை, எல்லாம் டெல்லியிலேயே பார்க்கப்படும் என்று. தோரியம் தரும் மோனசைட் உள்ள கடற்கரை மணல் அணு கனிமப் பட்டியலில்தான் வருகிறது.

விலக்கு கருத்துக் கேட்புக்கு மட்டும். ஆய்வறிக்கை, நிபுணர் குழு, கடற்கரை ஒழுங்குமுறை விதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. நிபுணர் குழுவுக்கு எழுதவும், பின்னால் தீர்ப்பாயம் போகவும் தடையில்லை. ஆனால் கலெக்டர் முன்னால் நின்று கேள்வி கேட்டுப் பதிவில் ஏற்றும் அந்த ஒரு நாள் போய்விட்டது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

அனுமதி கொடுத்தாச்சு, குவாரியும் ஓடுது. இனி ஒண்ணும் செய்ய முடியாதா?

இனிதான் உண்மையான வேலை. அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும்: வெடி வைக்கும் நேரம், தண்ணீர் தெளிப்பது, தார்ப்பாய் போடுவது, பசுமை வளையம், ஆழ வரம்பு. அதன் நகல் ஊராட்சிக்கு வந்திருக்க வேண்டும், பரிவேஷிலும் கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று இருமுறை நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையை நிறுவனம் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, கடிதத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'ஆயிரம் மரம் நட்டாயிற்று' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

பசுமைத் தீர்ப்பாயம் போகணும்னா எவ்வளவு செலவாகும், எத்தனை நாளுக்குள்ள போகணும்?

அனுமதியையே எதிர்த்தால் 30 நாள், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். 91-வது நாள் போனால் தீர்ப்பாயம் நினைத்தாலும் எடுக்க முடியாது. மற்ற சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம், இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் செலவு வேறு.

தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆகவே எல்லை தாண்டி வரும் தூசிக்கு எந்த மாநிலத்தில் வழக்குப் போடுவது என்று பாறசாலை அண்ணன் குழம்ப வேண்டியதில்லை.

என் மகன் அந்தக் குவாரியிலதான் வேலை பாக்குறான். நான் கூட்டத்துல பேசினா அவன் வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா கடையில் கூட்டம் குறையும் வரை காத்திருந்து கேட்டார். கூட்டத்தில் பேசுகிறவர் குவாரியை எதிர்த்துத்தான் பேச வேண்டும் என்று இல்லை. 'குவாரி இருக்கட்டும், பள்ளிக்கூட நேரத்தில் லாரி விடக்கூடாது, வெடி வைக்கும் முன் சைரன் அடிக்க வேண்டும், தொழிலாளிக்கு மாஸ்கும் நுரையீரல் பரிசோதனையும் வேண்டும்' என்று கேட்பதும் கருத்துதான், நிபந்தனையாக மாற அதிக வாய்ப்புள்ள கருத்தும் அதுதான். மேடைக்கு வரத் தயக்கமாக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அவருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதாக மகனைப் பற்றிய வரியை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: கல் அரைக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதன் அறிக்கையை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும்.